அப்பள உரலில் கேட்ட 'ராமா'

1936ம் வருஷம் ஜனவரி மாதக் கடைசியில், ராயப்பேட்டை ஆஸ்பத்திரி பெண்கள் வார்டில், போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் முன்பாகச் சொன்னது.

என் பெயர் அபயாம்பாள். காலஞ்சென்ற பஞ்சாபகேசய்யரின் மனைவி. வயது ஐம்பத்தெட்டு. மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், வகுப்பில் முதலாவதாக. அதே சந்தில் ரகுபதி அய்யர் நடத்தும் அப்பளக் கடையில் மாவு தள்ளுகிற வேலை பார்த்து வந்தேன்.

என் பேத்தி ஜெயலக்ஷ்மி, வயது பத்தொன்பது, கைக்குழந்தைக்காரி, அதே கடையில் அப்பளம் இடுகிறவள், இன்று காலை முதல் கடை உரலில் என் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் கொஞ்சம் சீக்கிரம் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். நடந்ததை வரிசையாகத்தான் சொல்ல வேண்டும் என்று சப் இன்ஸ்பெக்டர் சொன்னார். வரிசையாகவே சொல்கிறேன்.

அப்பளத்துக்கு உளுத்தம் மாவைப் பிரண்டைச் சாறு விட்டுப் பிசைந்து, கல்லுரலில் போட்டு இரும்புலக்கையால் இடிக்க வேண்டும். ஒருத்தி நின்றுகொண்டு இடிப்பாள். இன்னொருத்தி உரலோரம் உட்கார்ந்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, மாவை மடித்துத் தள்ளுவாள். இடிக்கிறவள் உலக்கையை முழுக்கத் தூக்கி நிறுத்தி "ராமா" என்பாள். அதைக் கேட்டதும் தள்ளுகிறவள் கையை உள்ளே விட்டு மாவைத் திருப்பி, வெளியே எடுத்து "உம்" என்பாள். அதன் பிறகுதான் உலக்கை இறங்கும். தள்ளுகிறவள் மேலே பார்க்க மாட்டாள், மாவைத்தான் பார்ப்பாள். காதுதான் கணக்கு. எங்கள் கடையில் எல்லோரும் இப்படித்தான் செய்வது.

முன்னெல்லாம் ஒரு உரல் மாவு ஆனதும் இடிக்கிறவள் போய் அப்பளம் இட உட்காருவாள், அப்பளம் இடுகிறவள் இடிக்க வருவாள். தை பிறந்து கல்யாண ஆர்டர்கள் சேர்ந்ததும் முதலாளி, மாறி மாறி எழுந்து உட்காருவதில் பொழுது போகிறது என்று சொல்லி, நன்றாக இடிக்கிற ஜானுவையும் தர்முவையும் நாள் முழுக்க உலக்கையிலேயே நிறுத்திவிட்டார். எனக்கு இடித்தவள் ஜானு. வயது இருபத்தேழு, புருஷன் விட்டுப்போனவள். இவள்தான் இப்போது ஸ்டேஷனில் இருப்பது.

அதன் பிறகு ஜானு காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பதைப் பார்த்தேன். தலை வாரிக்கொள்ள முடியாமல் பக்கத்தாத்துப் பெண்ணிடம் சீப்பைக் கொடுத்தாள். தோளிலிருந்து விரல் வரைக்கும் எறும்பு ஊர்கிறாற்போல் இருக்கிறது என்றும், ராத்திரியில் கை தன்னுடையதாகவே இல்லை என்றும் சொன்னாள். தர்முவும் அதையேதான் சொன்னாள். பழையபடி மாற்றிவிடும்படி முதலாளியிடம் நான் போய்க் கேட்டேன். மாசி வரட்டும், பார்க்கலாம் என்றார்.

சம்பவத்துக்கு முந்தின நாள் ஜானு மெதுவாக இடித்தாள். எங்கள் ஆத்துக்காரருடைய பாட்டி கூட இதைவிட ஓங்கி இடிப்பாள் என்று நான் சொன்னேன். அதற்கு அவள், "அப்போ அந்தப் பாட்டியையே எழுப்பிக் கூட்டிண்டு வாங்கோ மாமி. இல்லேன்னா நாளைக்கு மாவுக்குப் பதிலா உங்க கையை இடிச்சு அப்பளம் போட்டுடறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலாளி போலீசில் சொல்லியிருப்பது இந்த வார்த்தையைத்தான். முன்விரோதம் என்று சொல்லியிருக்கிறாராம். விரோதம் உள்ளவளுக்கு நான் தினம் வெந்நீர் வைத்துக் கையில் ஊற்றிவிட மாட்டேன்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு, கடைசி உரல். நான் மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ராமா" என்று கேட்டது. கையை விட்டேன். விட்ட பிறகுதான் குரல் வேறு மாதிரி இருந்தது என்று தோன்றியது. அது தூக்கி நிறுத்திவிட்டுச் சொன்ன ராமா இல்லை. பாதி தூக்கும்போதே தோளில் இழுத்துக்கொண்டு, வலி பொறுக்காமல் கத்திய ராமா. உலக்கை அவள் கையை விட்டு நழுவி வந்தது. நான் அவள் முகத்தை அப்போது நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண் என் கையின் மேல் இல்லை, மூடியிருந்தது. அதன் பிறகு எனக்கு நினைவில்லை. வலது கையில் நடு விரலையும் மோதிர விரலையும் எடுத்தாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

நான் இங்கே கண் விழித்த பிறகு முதலாளி பழங்களோடு வந்து, "மாமி, ஜானு வேணும்னேதான் போட்டாள்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. கடைக்கு ஒண்ணும் வராது, உங்க பேத்திக்கும் வேலை நிலைக்கும்" என்றார். நான் பழத்தைத் தொடவில்லை.

இன்று விடிந்ததும் பேத்தி வந்து தன்னை உரலில் போட்டிருப்பதாகச் சொன்னாள். போகாதே என்றேன். "நான் ஜாக்கிரதையா இருப்பேன் பாட்டி, நீங்க தூங்குங்கோ" என்று சிரித்துவிட்டுப் போனாள். நானும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். அவளுக்கு இடிப்பது தர்மு. தர்முவுக்கும் வலித்தால் வருகிற வார்த்தை ராமாதான்.

ஜானு எனக்குக் கெடுதல் செய்யவில்லை. சந்தேகம் இருந்தால் ஸ்டேஷனில் அவளை வலது கையைத் தூக்கித் தலையைத் தொடச் சொல்லிப் பார்க்கட்டும். தொட முடியாது. அப்படியே தர்முவையும் பார்க்கட்டும். ஜானுவைப் பிடித்து வைத்துவிட்டுக் கேஸ் முடிந்தது என்றால், அந்த உரல் அப்படியே இருக்கும், உலக்கையும் அப்படியே இருக்கும். பழையபடி ஆள் மாற்றுகிற வரையிலும், கைக்குப் பதிலாக மரக்கரண்டியால் தள்ளுகிற வரையிலும், அந்த உரலில் யாரும் கை விடக்கூடாது என்று இப்போதே ஒரு கான்ஸ்டேபிளை அனுப்ப வேண்டும். எனக்கு மிகவும் பயமாக இருக்கிறது. இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இதெல்லாம் நான் தெளிந்த புத்தியோடு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், நடந்தபடிக்குச் சொன்னது. சப் இன்ஸ்பெக்டர் படித்துக் காட்ட எடுத்தார். வேண்டாம், ஆளை அனுப்புங்கள், இதைப் படிக்கிற நேரத்தில் பாதி உரல் மாவு இடித்துவிடுவார்கள் என்று சொல்லி, இடது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) அபயாம்பாள்