ஒருக்காவும் சிக்காத பிஸ்டல்

ஓல்ட்டன் நிலையத்தில் ரயில் ஏறிய இரண்டு தமிழர்கள் என் எதிர் இருக்கையில் அமர்ந்தார்கள். கழுத்தில் சால்வை சுற்றியிருந்தவர் உட்கார்ந்ததும் சொன்னார்: "எத்தினையோ நூறு ரவை சுட்டுப் பாத்திட்டன். ஒருக்காவும் உள்ளுக்கை சிக்கேல்லை."

என் புத்தகம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

"உன்ர பிஸ்டலையோ சொல்லுறாய்?" என்றார் முதுகுப்பை வைத்திருந்த நண்பர்.

"ஓம். மலிவுக் குண்டு, விலை கூடின குண்டு, எல்லாம் போட்டுப் பாத்தன். ஒற்றைக் கையாலயும் சுட்டன். வீட்டுப் பாதுகாப்புக்கு நம்பி வைக்கலாம்."

"எங்க வைச்சிருக்கிறாய்?"

"கீழ கெல்லர் நிலவறைக்கை, இரும்புப் பெட்டியில. திறப்பு மனுசியின்ர கைப்பைக்குள்ள."

"அப்ப கள்ளன் வந்தால்?"

"போன ஞாயிறு வந்தவன். மனுசி கைப்பையோட திரிம்பாக் ஊர்க் கோயிலுக்குப் போயிருந்தவ. பல்கனிக் கதவை ஆரோ நெம்புற சத்தம் கேட்டுது."

"நீ கத்தேல்லையோ?"

"இந்த நாட்டில ஞாயிற்றுக்கிழமை எப்பிடிக் கத்துறது? கீழ்வீட்டு மனுசி உடன பொலிசுக்குப் போன் அடிச்சுப்போடும்."

"பொலிஸ் வந்தால் நல்லதெல்லோ?"

"ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டதெண்டு எனக்கெல்லோ தண்டம் எழுதுவாங்கள். அதால, ஆரது எண்டு மெதுவாத்தான் கேட்டன்."

"கள்ளன் என்ன செய்தவன்?"

"அவனும் சத்தம் போடாமல் இறங்கிப் போயிட்டான். இஞ்சை பிறந்து வளந்தவன் போல."

நண்பர் முதுகுப்பையை மடிக்கு எடுத்துக்கொண்டார்.

"எண்டாலும்," என்றார் சால்வைக்காரர், "பிஸ்டலில ஒரு குறையும் சொல்லேலாது."