ஐந்து கையெழுத்தும் ஒரே மேசையில்

நீர்மின் உரிமப் பிரிவின் நெஞ்சுரமே! காலக்கெடுவைக் கண்ணெனக் காத்த கண்காணிப்பாளரே! "கெடு அம்மா" என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயரை முகம் மலர ஏற்றுச் சிரித்த பெருந்தகையே! வணக்கம்.

இன்றோடு நிறைவுறும் தங்கள் முப்பத்து மூன்று ஆண்டுப் பணியை ஒரு மடலில் அடக்க எங்களால் ஆகாது. ஒரே ஒரு நாளை மட்டும் இந்த அவைக்குச் சொல்கிறோம்.

மலையாற்று மின்திட்டத்தின் கோப்பு ஒன்பது ஆண்டுகளாக ஐந்து துறைகளைச் சுற்றிவந்தது. ஓர் அனுமதிக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. கடைசித் துறை கையெழுத்திடும் முன்பே முதல் துறையின் அனுமதி காலாவதியாகிவிடும். மூன்றாம் முறையாக வன அனுமதி முடியும் வெள்ளிக்கிழமையும் வந்தது. அதுவும் தவறினால் திட்டமே கைவிடப்படும். மலைமேல் மருத்துவமனையோ டீசல் எஞ்சினை நம்பி நின்றது.

அன்று காலை அம்மையார் உரிமத்துக்கான இறுதிக் கையெழுத்துக்கு ஐந்து துறை அதிகாரிகளையும், திட்டப் பொறியாளரையும் ஒரே மேசைக்கு வரவழைத்தார். வனத்துறையார் நீர்வளத்தைக் கைகாட்டினார். நீர்வளத்தார் நிலத்துறையைக் கைகாட்டினார்.

"கையெழுத்துப் போடுங்கன்னு நான் கேக்கல. போட முடியாதுன்னா ஏன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்," என்றார் அம்மையார்.

எழுதக் காரணம் ஒன்றும் அகப்படாமல் நால்வர் கையெழுத்திட்டனர். மீன்வளத்துறையார் மட்டும் எழுதினார்: "அணையைத் தாண்டி மீன் ஏற வழி இல்லை."

"மேடம், உரிமம் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாமே," என்று கெஞ்சினார் திட்டப் பொறியாளர்.

மணி பன்னிரண்டு. அம்மையார் மனத்தில் மருத்துவமனை வந்து நின்றது. ஆனாலும் அவர் அசையவில்லை. "அவர் சொல்றது நியாயம். வரைபடத்தை விரிங்க. நாலரைக்குள்ள முடிக்கிறோம்."

மீன்வளத்துறையாரையும் பொறியாளரையும் அருகருகே அமர்த்தி, தாமே பென்சில் சீவிக் கொடுத்தார். அணையோரம் படிப்படியாய் ஒரு மீன்வழி உருவாயிற்று. நாலேகாலுக்கு ஐந்தாம் கையெழுத்து, நாலரைக்கு உரிமம்! இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அம்மையார் நாற்காலியில் சாய்ந்து, "யாராவது ஒரு டீ சொல்லுங்கப்பா, தலை வெடிக்குது," என்றார்.

அந்த ஒற்றை மேசையே பின்னர் விதியாயிற்று. ஒன்பது ஆண்டு தின்ற வேலை இன்று பதினான்கு மாதத்தில் முடிகிறது. மருத்துவமனையில் மின்விளக்கு எரிகிறது.

வென்றவரே! இன்று காலை நிலுவைப் பதிவேட்டில் தாங்கள் எழுதிய கடைசிச் சொல் "இல்லை". முழங்கால் வலியும் அவ்வண்ணமே இல்லாதொழிய, நலமும் நகையும் நாளும் பெருக, நெடுங்காலம் வாழ்க! அந்த ஆற்றைத் தாங்கள் இதுவரை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறீர்கள். நாளைக் காலை ஏழு மணிக்குத் தங்கள் வாசலில் வண்டி நிற்கும்.

உடன்வரக் காத்திருக்கும்
உரிமப் பிரிவு ஊழியர்கள்