ஆலைத் தீயும் ஆறு ஆவணங்களும்

"பத்தே நிமிடம்தான்" என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முன்னே வைத்துவிட்டு, இந்த அவைக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே! ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்து, ஆலைச் சங்கின் ஓசைக்கு உறங்கிய பெரியோர்களே! பிள்ளைகளை உட்காரவைத்து ஊட்டிவிட்டு, தாங்கள் நின்றபடியே சாப்பிட்டு வேலைக்கு ஓடும் தாய்மார்களே! எதிர்ப்போடு வந்திருந்தாலும் எனக்கு எதிரிகள் அல்லாத பெற்றோர்களே! நாளை மறுநாள் வரலாற்றுத் தேர்வெழுதப் போகும் என் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் இந்த வரலாற்று வாத்தியாரின் வணக்கம்.

உங்கள் முகங்களில் கோபம் தெரிகிறது. அது நியாயமான கோபம்தான். "ஆவணக் கட்டுரை என்ற பெயரில் ஆறிய புண்ணைக் கிளறுகிறார், அந்தப் பாடத்தை நிறுத்துங்கள்" என்று என்மீது மனுக் கொடுத்திருக்கிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் புண் ஆறிவிட்டதா? ஆறியதா, அல்லது யாரும் பார்க்காதபடி மூடப்பட்டதா?

ஆவணக் கட்டுரை என்றால் என்ன? மனப்பாடம் செய்ததை மறுபடி கக்குவதா? இல்லை. ஒரு கடிதம், ஒரு புகைப்படம், ஓர் அறிக்கை, ஒரு பதிவேட்டுப் பக்கம் என்று சில தாள்களைக் கொடுப்போம். அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகா. மாணவர் அவற்றை உரசிப் பார்த்து, உண்மையை அலசிப் பார்த்து, தன் முடிவைச் சான்றோடு எழுத வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். வரலாற்றுக்கு ஒரு தாள் பதமாகாது! பயிற்சிக்காக நான் எடுத்துக்கொண்டது, முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் இங்கே மூன்று தொழிலாளர்களை விழுங்கிய ஆலைத் தீ. அன்று பின்கதவு பூட்டிக் கிடந்தது. யார் பொறுப்பு? இதுதான் கேள்வி.

இங்கேதான் நான் சறுக்கினேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானையும் அல்ல. ஒவ்வோர் ஆவணத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: எழுதியவர் யார், எந்த நாளில், யாருக்காக. ஆறு ஆவணங்களும் ஒரே தாளில் அடங்கவில்லை. எடுத்தேன் கத்தரிக்கோலை! அடிவரிகள் ஆறையும் வெட்டி எறிந்தேன். ஒட்டினேன், நகலெடுத்தேன், கொடுத்தேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வரலாற்று வாத்தியார் தேதியை வெட்டுவதும், தையற்காரர் அளவுநாடாவை வெட்டுவதும் ஒன்றுதான்.

விளைவு என்ன? வகுப்பே ஒரே விடையை எழுதியது: "காவலாளியே பொறுப்பு." ஏனென்றால் இரண்டாம் ஆவணம் முத்திரை குத்திய விசாரணை அறிக்கை. "காவலாளி கதவைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டான்" என்றது அது. முத்திரையைக் கண்டதும் மூளைக்கு விடுமுறை விட்டோம்.

ஒரே ஒரு மாணவி மட்டும் எழுதவில்லை. வகுப்பில் அவளுக்கு 'வக்கீலம்மா' என்று பட்டப்பெயர். வெற்றுத் தாளை நீட்டினாள். நான் சுழியம் போட்டேன். "என்னம்மா இது? தேர்வுல இப்படிக் குடுத்தா யாரு மார்க் போடுவா?" என்றேன்.

"ரெண்டாவது ஆவணத்தை எழுதினது யாரு சார்? அதை மட்டும் சொல்லுங்க, நாலு பக்கம் எழுதறேன்" என்றாள்.

அந்த வரியைத்தான் நான் வெட்டி எறிந்திருந்தேனே!

மறுநாள் காலை அவளுடைய தந்தை வந்தார். பேருந்து ஓட்டுநர், சீருடையிலேயே வந்திருந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"சார், அந்தக் காவலாளி எங்கப்பா. அப்ப எனக்கு ஏழு வயசு. 'ஓடிப்போனவன் மகன்'னு சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவாங்க. நானும் அதை நம்பிட்டேன் சார். அவர் என்கூடத்தான் இருக்கார். ஒரு நாள்கூட நான் கேட்டதில்ல. இப்ப எம்பொண்ணு கேக்கறா. நான் என்ன சொல்லட்டும்?"

நான்கு ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தவன் நான். எனக்கு இது தெரியாது. தெரியாமல் சுட்டாலும் தீ தீதான். வெட்கப்பட்டேன். அன்றே நூலகத்துக்கு ஓடி, மூலப் பக்கத்தைப் புரட்டி, நான் வெட்டிய அந்த அடிவரியைப் படித்தேன். எழுதியவர்: ஆலை மேலாளர். நாள்: தீப்பிடித்த மறுநாள் காலை. கதவுச் சாவிகளுக்குப் பொறுப்பானவர் யார் தெரியுமா? முதல் ஆவணமான ஆலை விதிமுறைத் தாள் சொல்கிறது: அதே மேலாளர்! ஆறாம் ஆவணம், அதே காலை எழுதிய மருத்துவமனைப் பதிவேடு: "காவலாளி. இரு உள்ளங்கைகளும் கருகியுள்ளன. நினைவு திரும்பவில்லை." ஓடியவனுக்கு உள்ளங்கை ஏன் கருகியது? நினைவே திரும்பாதவரை எவர் விசாரித்தார்? எப்போது விசாரித்தார்? அந்தப் பக்கம் ஒவ்வொரு மாணவர் கையிலும் இருந்தது ஐயா! என் கையிலும் இருந்தது!

"அப்போ மேலாளர்தான் பூட்டினாரா?" என்று அங்கே ஒரு பெரியவர் கேட்கிறார். தெரியாது ஐயா. எந்தத் தாளும் அதைச் சொல்லவில்லை. ஓர் அவசரத் தீர்ப்பை அழிக்க இன்னோர் அவசரத் தீர்ப்பா? தீர விசாரிப்பதே மெய். மாணவர்களே, தேர்வறையிலும் இதை மறவாதீர்கள். ஆவணம் சொல்வதை எழுதுங்கள், சொல்லாததைச் சொல்லவில்லை என்றே எழுதுங்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு.

அடிவரிகளோடு புதுத் தாள் கொடுத்தேன். வக்கீலம்மா நான்கு பக்கம் எழுதினாள். கடைசி வரியை அவள் அனுமதியோடு படிக்கிறேன்: "இந்த ஆறு ஆவணங்களில் மேலாளர் பேசுகிறார், மருத்துவர் பேசுகிறார், செய்தியாளர் பேசுகிறார். காவலாளி பேசவில்லை. அவரை யாரும் கேட்கவில்லை."

எழுதியதோடு அவள் நிற்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டாள். முப்பத்தெட்டு ஆண்டுகள் வாய் திறவாத மனிதர் அவளிடம் சொன்னாராம்: "சொல்றேன்மா. ஆனா வீட்டுக்குள்ள இல்ல. யாரு முன்னாடி எம்பேரு போச்சோ, அவங்க முன்னாடி சொல்றேன்."

அதற்காகத்தான் இந்த மேடை. ஆம், சலசலப்பு கேட்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஊர்க் காதைத் திறக்கவாவது ஒரு வழி வேண்டாமா? அவர் சொல்வதை நம்புங்கள் என்று நான் கேட்கவில்லை. மற்ற ஆறையும் உரசியதுபோல் இதையும் உரசிப் பாருங்கள். ஆனால் உரசுவதற்கு முன் ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்பவர்கள் போகலாம். கதவு திறந்தே இருக்கிறது.

எவரும் எழவில்லை. என் பேச்சைப் பொறுத்தமைக்கு நன்றி. இனிக் கேட்கப்போகும் உங்கள் செவிகளுக்கு அதைவிடப் பெரிய நன்றி. வணக்கம்.

மாணவர்களே, ஏட்டைத் திறவுங்கள். முதலில் இன்றைய தேதியை எழுதுங்கள். அடுத்து, பேசுகிறவர் யார் என்று எழுத இடம் விடுங்கள். அவருடைய பெயரை அவரே சொல்லட்டும்.

ஐயா, வாருங்கள்.