மூன்றாவது டீ

டீ விஷயத்தில் நான் பலவீனமானவன். யார் கொடுத்தாலும் மறுக்க வராது. நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜூன் மாதம், பழைய சுரங்க ஊரான ஊரிகத்திலிருந்து காலை ஷிப்டுக்குப் போன வேன் கவிழ்ந்து, சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் ஐந்து பேர் இறந்தார்கள். கோயில், சர்ச், புத்த விகாரை மூன்றிலும் உண்டியல் வைத்ததில் ஐந்து லட்சம் சேர்ந்தது. பகலில் ஜெராக்ஸ் கடை, மாலையில் பி.காம். வகுப்பு என்றிருந்த என்னை, பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் கமிட்டிக்குச் செயலாளர் ஆக்கினார்கள். தினமும் டைரி எழுதுகிறவன் தப்பு செய்யமாட்டான் என்று நினைத்தார்கள் போலும். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அதனால்தான் பணம் பிரிக்க ஒரு மதிப்பீட்டு முறை வேண்டும் என்றேன்.

தலைவர் சுந்தரராஜ், சுரங்கத்தில் முப்பது வருஷம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி ஏறியவர். "அஞ்சு வூடு, அஞ்சு லட்சம். இதுல இன்னாபா முறை? ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போங்க" என்றார்.

சமம் வேறு, நியாயம் வேறு என்று விளக்கினேன். படிவத்தைக் காட்டினேன். எல்லோருக்கும் நூறு மதிப்பெண். டிவி இருந்தால் பத்து கழியும். படிக்கிற பிள்ளை நாளைக்குச் சம்பாதிக்கும், அதற்கு இருபது. கண்ணீர் இல்லாமல் பேச முடிந்தால் முப்பது. வந்தவருக்கு டீ கொடுக்கிற வசதி இருந்தால் கோப்பைக்கு இரண்டு. மூன்று முறை வீட்டுக்குப் போவேன். முப்பத்தைந்துக்குக் குறையாமல் எடுத்தவர்கள் பணத்தைப் பகிர்ந்துகொள்வார்கள்.

"ஷாஃப்ட்ல செத்தவனுக்குக்கூட மார்க் போடலியேப்பா" என்றார். ஆனால் இருபது பிரதி எடுத்தாகிவிட்டது. வீணாக்க அவருக்கும் மனமில்லை.

முதல் சுற்று முடிவதற்குள் ஒரு பிரதி எப்படியோ லைன் முழுக்கப் பரவியது. இரண்டாம் சுற்றில் நான்கு வீட்டில் டிவி இல்லை. மகனை இழந்த ராஜப்பாவின் டிவியைப் பக்கத்து வீட்டு ஐடா அக்காவின் கட்டிலுக்கடியில் தள்ளியபோது ஒரு முனையை நானே பிடித்தேன். "மெதுவா தம்பி, இ.எம்.ஐ. முடியல" என்றார் ராஜப்பா. இடம் மாற்றக் கூடாது என்று படிவத்தில் இல்லை. நான் பேனாவைத் திறந்ததும் அழுதார், மூடியதும் நிறுத்தினார். மகனுக்காகவா படிவத்துக்காகவா என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் கழிக்கவில்லை.

கணவர் மாரிமுத்துவை இழந்த லீலா அக்கா வீட்டில் மட்டும் டிவி நகரவில்லை. அதன் மேல்தான் அவர் படம் இருந்தது. மகள் யசோதரா நர்சிங் படிக்கிறாள், ஃபீஸ் கட்ட முப்பதாம் தேதி கடைசி. முதல் முறை போனபோதே அக்கா அழாமல் பேசினார். நூறு நாற்பதாயிற்று. பிறகு டீ போட எழுந்தார்.

"அம்மா, அதுக்கும் மார்க் கட்டு" என்றாள் மகள்.

"போடி. துக்கம் கேக்க வந்த புள்ளைய சும்மா அனுப்புறதா? நீ குடி தம்பி, வெயில்ல அலையறே."

தெரிந்தே கொடுப்பதை மறுத்தால் அவமதிப்பாகும். குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். இரண்டாம் முறையும் குடித்தேன். முப்பத்தாறு.

மூன்றாம் முறை அவர் ஃபீஸைப் பற்றியே பேசினார். டீயை மறந்துவிட்டார். டைரியில் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். பிறகு நானே கேட்டேன்.

"அக்கா, டீ இல்லையா?"

"ஐயோ, மறந்தே பூட்டேன் பாரு" என்று ஓடினார்.

முப்பத்துநான்கு. போன செமஸ்டரில் ஸ்டாடிஸ்டிக்ஸில் எனக்கும் அதே மதிப்பெண்தான். ஒரு மார்க்குக்காக யாரிடமெல்லாமோ போய் நின்றேன். யாரும் போடவில்லை. விதி என்றால் எல்லோருக்கும் விதிதான். மற்ற நான்கு குடும்பமும் ஆளுக்கு ஒன்றேகால் லட்சம் வாங்கிக்கொண்டன. ராஜப்பாவின் டிவி அன்றே வீடு திரும்பியது.

சுந்தரராஜ் என்னோடு பேசுவதில்லை. எனக்கும் என் மேல் சந்தேகம் உண்டு. ஆகவே அடுத்த மாதம் ஐந்தாம் தேதி மறுமதிப்பீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது.

"டிவிய வித்துட்டு பெங்களூரு போயிட்டாங்க தம்பி" என்றார் ஐடா அக்கா. "பொண்ணு படிப்ப நிறுத்திட்டு கார்மெண்ட்ஸ்ல சேர்ந்துட்டா."

வாசலில் நின்றே படிவத்தை நிரப்பினேன். டிவி இல்லை. படிக்கிற பிள்ளை இல்லை. அழாமல் பேச ஆள் இல்லை. டீ இல்லை. நூற்றுக்கு நூறு, லைனிலேயே முதல். என் முறை யாருக்கும் பாரபட்சம் காட்டாது என்பது அப்போதுதான் எனக்கு உறுதியாயிற்று.