கறுப்புத் திரையில் கடல்

அணைத்து வைத்த டிவியைப் போல அசிங்கமான சாமான் ஒரு வீட்டில் வேறு கிடையாது, சார். எவ்வளவு துடைத்தாலும் விரல் ரேகை, ஈ எச்சம். எதிரே இருக்கிற கண்றாவியெல்லாம் அதற்குள் தெரியும். அதை மறைப்பதுதான் என் பிழைப்பு. விற்பனைக்கு வரும் வீடுகளின் படங்களை எனக்கு அனுப்புவார்கள். காலித் திரையில் மலையோ காடோ ஒட்டவைப்பேன். வெளிச்சம், சாய்மானம் எல்லாம் பொருத்தி, டிவி ஓடுகிறது என்றே நம்பவைத்துவிடுவேன்.

அந்த வீட்டுக்காரம்மா தானே போனில் எடுத்து அனுப்பியிருந்தார். கூடம் பளிச்சென்று இருந்தது. டிவிக்குள் மட்டும் ஏதோ கிடந்தது. துணி மூட்டை என்று நினைத்து, வெளிச்சத்தைக் கூட்டிப் பெரிதாக்கினேன். மனுஷன். எதிர்ச்சுவர் ஓரமாக, தரையில், பிளாஸ்டிக் விரிப்பில் ஒரு கிழவர். இடுப்புக்குக் கீழே துணியில்லை. கணுக்காலை ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தார்கள். விரிப்பில் என்ன காய்ந்திருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாயைத் திறந்து, போனைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். பாதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அந்தம்மாவைக் கூப்பிட்டேன்.

"டிவியில ஒருத்தர் தெரியறாரும்மா."

"அவரு எங்க மாமனாரு. புத்தி கலங்கிடுச்சு தம்பி, அவுத்துவிட்டா தெருவுக்கு ஓடிடறாரு. அவரை அழிச்சிட முடியுமா?"

"அதுக்கென்ன, அழிச்சிடலாம்."

அவர்மேல் ஒரு நீலக் கடலை விரித்தேன். யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அடுத்தவர் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்கில்லை. ஒரு யோசனை மட்டும் சொன்னேன்.

"அடுத்து வீடியோ எடுக்கணும்மா. டிவியை மறைச்சா மட்டும் போதாது. அவரை வேற எங்கயாவது வெச்சிடுங்களேன். பார்க்கவே அருவருப்பா இருக்கு."

"எங்க தம்பி வைக்கிறது? வர்றவங்க எல்லா ரூமையும் பார்ப்பாங்களே."

"மாடிப்படிக்கு அடியில ஸ்டோர் ரூம் இருக்கில்ல? அதை யாரும் படம் எடுக்கறதில்ல. பூட்டியிருந்தா தொறக்கச் சொல்லவும் மாட்டாங்க."

"அங்க காத்தே வராதே."

"வீடு விக்கிற வரைக்கும்தானே."

வீடியோ வந்தது. டிவிக்குள் வெறும் சுவர்தான் தெரிந்தது. அந்த வீட்டை முதல்முறையாக முகம் சுளிக்காமல் பார்த்தேன். படியருகே வரும்போது மட்டும் ஒரு சத்தம். மரக்கதவில் விட்டுவிட்டுத் தட்டுகிற சத்தம். நடுவே, தண்ணி என்பது போல ஏதோ. வீட்டைச் சுற்றிக் காட்டும் அந்தம்மாவின் பேச்சும் கூடவே இருந்ததால் மொத்தமாக ஊமையாக்க முடியாது.

வீடு பார்க்க வந்த தம்பதி நாற்றம் தாங்காமல்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்களாம். கதவின் உட்பக்கத்தை நீங்கள் எடுத்த படத்தைக் காட்டினீர்கள். மரத்தில் ஒரு நகம் பெயர்ந்து ஒட்டியிருந்தது. அதையெல்லாம் அவ்வளவு கிட்டத்தில் எடுத்திருக்க வேண்டாம். அந்தம்மா அழுதுகொண்டே என்னைக் கைகாட்டினார் என்றீர்கள். பாவம், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

தட்டியது உன் காதில் விழுந்ததா, இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். விழுந்தது, சார். விழாமல் எப்படி? ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தட்டலாகத் தேடிப்பிடித்து, ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் நானே அழித்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.