சுவரில் விழுந்த சிவப்பு

வெள்ளைச் சுவரில் விளக்கு நன்றாக எடுபடும். அதனால்தான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் அந்த எல்இடி ஸ்ட்ரிப்பை ஒட்டினேன். திரையில் என்ன நிறமோ அதுவே சுவரிலும் பரவும். வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்ப்பவன் கண்ணுக்கு இதம்.

அதே சுவரில்தான் பத்மநாபசுவாமி படம். அக்கா கணவர், என் அத்திம்பேர் அனந்தபத்மநாபன், அண்டர் செக்ரட்டரியாக ஓய்வுபெற்றவர். அவருக்குத் தலைவலி மாத்திரைக்குக்கூட மேலிடத்து உத்தரவு வேண்டும். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் பொதிந்து, படத்தின் முன் போட்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். விளக்கு வந்தபின் பூ வாங்குவதை நிறுத்திவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே கேட்பார். அது திரையின் நிறம் என்று விளக்கினேன்.

"கருவி உன்னோடதுடா சுமந்த். நிறம் அவனோடது."

பிறகு நான் விளக்கவில்லை. பதினொரு வருஷமாக அக்கா வீட்டோடு இருக்கும் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. இப்போது கல்லாறுக்குச் சுற்றுலா போகலாமா, மாடியில் யாரைக் குடிவைக்கலாம், எல்லாம் என் சுவருக்கு வந்தது. திரையில் நிறத்தை மாற்றி, கூடியவரை நியாயமாகவே பதில் சொன்னேன்.

அந்த வியாழக்கிழமை அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். பத்தரைக்கு அத்திம்பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். வேட்டியெல்லாம் வேர்வை.

"வல்லாத்த வலியா இருக்குடா, தாங்க முடியல. பயமா இருக்கு."

அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். கார் ஓட்ட வீட்டில் நான் ஒருவன்தான். பதினொன்றுக்கு எனக்கு அப்ரைசல் மீட்டிங்.

போகலாமா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. அதைக் கவனிக்க வேண்டும். சுவரைக் கேட்டார்.

"பத்மநாபா, ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?"

ஒரு செம்பருத்திப் படத்தைத் திரை முழுக்க விரித்தேன்.

மூன்று தரம் கேட்பது அவர் வழக்கம். மீட்டிங் தொடங்கும் முன் இன்னொரு தரம் கேட்டார். சிவப்பு. மீட்டிங் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் தரம் கேட்டபோது குரல் இல்லை, உதடு மட்டும் அசைந்தது. அப்போது எனக்கு வேலை ஒன்றும் இல்லைதான். ஆனால் இப்போது வெள்ளை வந்தால் முதல் இரண்டும் பொய்யாகிவிடுமே. சுவாமி பேச்சு மாறலாமா? செம்பருத்தியையே விரித்தேன். அவர் கைகூப்பினார். கூப்பிய கை பிறகு பிரியவில்லை.

உத்தரவு அப்படி என்று அக்கா மனதைத் தேற்றிக்கொண்டாள். எனக்குத்தான் பயம் போகவில்லை. தினமும் காலையில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, நான் செய்தது சரிதானே என்று சுவரைக் கேட்கிறேன். அதற்கு முன் மறக்காமல் திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொள்வேன்.

இன்றுவரை ஒரு தரம்கூடச் சிவப்பு வந்ததில்லை.