முதலிடம் எடுத்த மண்

நில்லுங்க சேர், அந்தப் பேர்ப்பலகைய அதில நட்டுப்போடாதீங்க. தாய்மாருக்கான முன்மாதிரித் தோட்டம் எண்டு பெயின்ற் அடிச்சே கொண்டந்திட்டீங்களா? ஓம் ஓம், நாவற்குடாவில ஆகச் சுத்தமான மண் என்ட வளவு மண்தான் எண்டு ரிப்போட் தந்தது நீங்கதான். அதுதான் பிழை. உங்கட லேப்பில பிழையில்ல சேர், நாந்தான் பிழை.

நீங்க முதல் வந்து என்ன சொன்ன? வீடு வீடா மண் எடுக்கிறம், நாளைக்கு ஒரு சொப்பிங் பேக்கில போட்டு வைங்க எண்டுதானே? என்னத்துக்கெண்டு நீங்களும் சொல்லல்ல, நானும் கேக்கல்ல. வீடு தேடி வந்த ஆள் ஒண்டு கேட்டா, நாம உள்ளதில நல்லதத்தானே குடுக்கிற. எங்கட மண்ணப் பாத்தன், கறுத்துப்போய்க் கிடந்திச்சு. குடுக்க வெக்கம். மச்சான் வினாயகமூர்த்தி பூக்கண்டு நட எண்டு கரடியனாத்து வயல்ல இருந்து ஒரு உரப்பை மண் கொண்டந்து தந்திருந்தாரு. அதக் கொட்டி, கல்லுப் பொறுக்கி, அரிதட்டால அரிச்சு, வெயில்ல காயவெச்சுக் கட்டித் தந்தன். நீங்களும் நல்ல மண்ணெண்டு சிரிச்சு வாங்கின.

எங்கட மண் ஏன் கறுத்ததா? ஈயம் சேர். ஆத்தில வீசிற வலைக்கு ஈயக்குண்டு வாக்கிறதுதானே என்ட தொழில். பழைய கார் பெட்டறிய உடச்சு, வளவுக்குப் பின்பக்கம் வெச்சு உருக்கி ஊத்துற. எட்டு வருசமா. ஈயம் வயித்துப் புள்ளைட மூளைக்குத்தான் போகும் எண்டு கிளினிக் கூட்டத்தில நீங்க சொன்ன அண்டைக்குத்தான் எனக்கே விளங்கின. சொல்லுவம் எண்டு எழும்பினன். நீங்க முதலிடமெண்டு மாலையப் போட்டிட்டீங்க. சனம் கையத் தட்டுது. மறுகா எப்பிடிச் சொல்ற?

முதலிடம் எடுத்த மண்ணெண்டு கிளினிக்கால இஞ்ச கீரைப் பாத்தியும் போட்டாங்க; கிழமைக்கு ஒருக்கா புள்ளத்தாச்சிப் பொம்புளையள் வந்து ஆஞ்சுகொண்டு போனாங்க. கீரையில புழு எண்டு சொல்லிப் பாத்தன், கேக்கல்ல. எல்லாத்தையும் நானே புடுங்கி எறிஞ்சிட்டு மாடு திண்டுட்டெண்டன். மிட்வைஃப் மிஸ் வேலியடிக்கக் கம்பியும் கொண்டந்து, புதுசா நடக் கீரை விதையும் தந்திட்டுப் போறா.

பொஞ்சாதிக்கா? சொல்லாம இருப்பனா? மேனுகாவுக்கு இது ஆறாம் மாசம் சேர், தலைச்சான் புள்ள. மண் மாத்தினத ஒண்டும் மறைக்காமச் சொன்னன். நம்புறாவில்ல. தன்ன வெருட்டக் கதை கட்டுறனாம். அரசாங்கம் சீல் குத்தின கடதாசி பொய்யா, நீங்க பொய்யா எண்டு கேக்கிறா. அந்த ரிப்போட்ட பிறேம் போட்டு சாமிப் படத்துக்குப் பக்கத்தில மாட்டி வெச்சிருக்கா. எனக்குப் பயமாக் கிடக்கு சேர்.

அதால நீங்களே உள்ளுக்கு வந்து, அந்த ரிப்போட் எங்கட மண்ணுக்கில்லையெண்டு உங்கட வாயால சொல்லுங்க. அவவுட ரத்தத்தில ஈயம் இருக்கா எண்டு எங்க பாக்கிறதெண்டும் சொல்லுங்க. கீரையால வந்த பயமில்ல சேர், அவ கீரை திண்டதேயில்ல. அவவுக்கு மண் திங்கிற ஆசை. முதல் ஒளிச்சுத் திண்டவ, உங்கட கடதாசி வந்த பிறகு எனக்கு முன்னாலயே அள்ளித் திங்கிறா. வேற இடத்து மண் புடிக்காதாம். நான் ஈயம் உருக்கிற இடத்து மண்தான் இனிக்குதாம்.